மூன்றாம் மாலையில் வந்தவர்

வலது காவற்படையில் துணைத் தளபதியாக இருந்த தொகிசானே அழகர் அல்ல, அழகற்றவரும் அல்ல. வட்ட முகம், சிறிய கண்கள். தலைநகரில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இருக்கிற முகம். அரண்மனை விழாவில் நடனமாடினால் தப்புச் செய்ய மாட்டார். பார்த்தவர்கள் மறுநாள் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். கவிதை கேட்டால் எழுதிக் கொடுப்பார். அது கவிதைதான் என்று ஒப்புக்கொள்ளலாம், அவ்வளவே. சூடான சோறும் சீக்கிரத் தூக்கமும் கிடைத்தால் அவருக்கு உலகத்தின் மேல் புகார் எதுவும் இருந்ததில்லை. நான் அவரோடு ஒரே அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவன். அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு நேர்ந்த விஷயம் பெரியது.

ஓர் இலையுதிர் காலத்தில் அரசவையினர் ஆற்றங்கரைக்கு உலாப் போனார்கள். அங்கே சுட்டுக் கொடுத்த ஆற்று மீன் நாள்பட்டது போலிருக்கிறது. தொகிசானேவுக்கு வயிற்றைப் புரட்டியது. நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நாணற்புதருக்குள் தனியாகப் போய், கைமடிப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். கரையில் பெண்களின் மாட்டு வண்டிகள் நின்றிருந்தன. அரசியாரின் பணிப்பெண் ஒருத்தி வண்டித் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வெள்ளைப் பூங்கதிர்களுக்கு நடுவே வெளிறிய இளைஞன், கைமடிப்பு முகத்தில், பார்வை ஓடும் நீரில். ஏன் நிற்கிறார் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை பிறந்திருக்காது.

குளிர்காலத்துக்குள் அவள் எழுதிய கதையின் முதல் ஏட்டுக்கட்டு வெளியே வந்துவிட்டது. கதையின் நாயகன் பேரரசரின் மகன். தாய்க்குச் செல்வாக்கு இல்லாததால் இளவரசப் பட்டம் மறுக்கப்பட்டு எளிய குடிப்பெயரோடு வளர்ந்தவன். அவன் சாய்ந்து நின்ற தூணில் அவன் வாசனை மூன்று பருவம் நிற்கும். அவனைக் கண்ட பெண் வேறொருவனைக் காணமாட்டாள். அவனை எல்லாரும் நாணல் பிரபு என்று அழைத்தார்கள். எழுதியவளுக்குச் சின்னச் சின்ன விவரங்கள் தேவைப்பட்டபோது, அவற்றைத் தொகிசானேயிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அவர் தொப்பியின் நாடாவைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் கதையில் வந்தது. துறவு பூண்ட அவருடைய சித்தி கலந்து கொடுத்த பிளம் பூ நறும்புகை, அவர் எப்போதும் உடைக்கு ஏற்றுவது, அப்படியே வந்தது. ஊருக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை.

அலுவலகத்தில் முனெகாடா என்றொருவர் இருந்தார், கிண்டலுக்கென்றே பிறந்தவர்.

"என்ன நாணல் பிரபு, நேத்து எந்த வீட்டுத் தூண்ல சாஞ்சு அழுதீங்க?"

"தூண்லயா? பாதத்துக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்."

"வெளில சொல்லிடாதீங்க. என் தங்கச்சி சோறு திங்கிறதையே விட்டுடுவா."

பிறர் நம்மில் காண்பதை நாம் மறுத்தால், மறுக்கிற விதமே அழகு என்று சொல்லிவிடுகிறார்கள். தொகிசானே மறுத்துப் பார்த்தார், அடக்கம் என்றார்கள். ஒருமுறை ஒத்துப்போயும் பார்த்தார். ஒரு சீமாட்டியின் வீட்டு இறவாரத்தில், கதையில் வருகிற மாதிரியே, பனியில் நனைந்தபடி நிலவு எழும்வரை நின்றார். சளி பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து ஆள் வந்து, வெளியே இருமுகிறவர் கொஞ்சம் தள்ளி நின்று இருமினால் யாழ் வாசிக்க வசதியாயிருக்கும் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள் என்றான். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

தன்பா மாகாணத்தில் ஆளுநராக இருந்து திரும்பிய ஒருவர் கிழக்குப் பகுதியில் வீடு கட்டியிருந்தார். செல்வம் இருந்தது, அரசவையில் உயர்ந்த படிநிலை இல்லை. தலைநகரத்துக்காரர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கியதே இல்லை. அவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அவருக்கு ஒரு மகள். அவள் பெயரை எழுதுவது எங்கள் வழக்கமில்லை. அந்த வீட்டுப் பெண்கள் நாணல் பிரபுவின் கதையைத் தாளின் ஓரங்கள் பஞ்சாகும்வரை படித்தவர்கள். அவர்களில் முதன்மையானவள் மகளின் செவிலித்தாய் சைஷோ. அவள்தான் ஆளுநரின் காதைக் கடித்து, தரகர் ஒருவர் மூலம் தொகிசானேயிடம் பேச்செடுக்க வைத்தாள்.

தொகிசானே ஒப்புக்கொண்ட காரணம் வேறு. ஒருநாள் அந்த வீட்டு வேலிக்கு வெளியே அவருடைய மாடு நொண்டி நின்றுவிட்டது. காத்திருந்தபோது உள்ளே ஒரு பெண்குரல் பணிப்பெண்ணைக் கடிந்துகொண்டிருந்தது. "கரியை இப்படி அள்ளிக் கொட்டினா, குளிர்காலம் பூரா பூனையைக் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் தூங்கணும். பூனைக்கும் உன்னைப் பிடிக்கணுமே." அது மகளின் குரல் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார். கரி எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கிற பெண் இருக்கிற வீட்டில் தான் குளிரில் கிடக்கமாட்டோம் என்று நினைத்தார். பெற்றோர் போய், சித்தி மடத்துக்குப் போய், வேலைக்காரர்கள் ஆறிப்போன சோற்றை வைத்துவிட்டுப் போகும் வீட்டில் வளர்ந்தவர். இது காதல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

எங்களிடத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை இருட்டியபின் பெண்வீட்டுக்கு வந்து, வெளிச்சம் வருமுன் போய்விட வேண்டும். அடுத்தடுத்து மூன்று இரவு. மூன்றாம் இரவு அரிசிப் பிட்டு வைப்பார்கள். அதைத் தின்றால் கணவன். அதன் பிறகுதான் வீட்டார் அவன் முகத்தைப் பார்ப்பது. மூன்றாம் இரவு வராவிட்டால் முதல் இரண்டும் கல்யாணம் ஆகாது. யாரோ வந்துபோன பெண் என்று அவளுக்குப் பெயர் நிற்கும். தலைநகரம் எதையும் மறக்காது.

முதல் இரண்டு இரவும் குறையில்லாமல் நடந்தன. விளக்கில்லை. திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த சைஷோ மூக்கை உயர்த்தி மூச்சிழுத்து, "நடை பூரா பிளம் பூ மணக்குது" என்று சமையல்கட்டில் போய்ச் சொன்னாள். மறுநாள் காலை வழக்கப்படி அவரிடமிருந்து கவிதை வந்தது. தாமதமில்லாமல் வந்தது, மிகச் சாதாரணமாக இருந்தது. சைஷோவுக்கு ஏமாற்றம். கொஞ்சம் யோசித்துவிட்டு, துக்கத்தை மறைக்கத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தாள்.

கதையில் நாணல் பிரபு மூன்றாம் இரவு வருவதில்லை. போகும் வழியில் பழைய காதலியின் வீட்டு மதிலுக்கு மேலே நிலவைக் கண்டு அங்கேயே இறங்கிவிடுகிறான். காத்திருந்த பெண் மெலிந்து, அருமையான கவிதைகள் எழுதி, வசந்தத்துக்கு முன் இறந்துபோகிறாள். அந்தக் கட்டைப் படித்து அழாத பெண் தலைநகரில் இல்லை. ஆகையால் மூன்றாம் நாள் காலையிலேயே அந்த வீட்டுப் பெண்கள் அழத் தயாராகிவிட்டார்கள்.

"வராம போனா வாய்விட்டு அழக்கூடாது கண்ணு" என்று சைஷோ மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தூணோரமா லேசா சாஞ்சுக்கணும். முடி இப்படி முன்னால வழியணும்."

"வராம போனா அப்பா என்ன செய்வார்?"

"அதுக்கென்ன? கதையில அப்பாவே கிடையாதே."

அதே காலையில் எங்கள் அலுவலகத்தில் சோதிடர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, திசைத் தெய்வம் அன்று முதல் கிழக்கே இருக்கிறது என்றார். தொகிசானே வீட்டிலிருந்து பெண்வீடு நேர் கிழக்கு. தெய்வம் இருக்கும் திசையை நோக்கி யாரும் போவதில்லை. கல்யாணக் காரியத்துக்குப் போவது பற்றிப் பேச்சே இல்லை. இதற்குப் பரிகாரம் உண்டு. முதலில் வேறொரு திசையில் ஒரு வீட்டில் போய்த் தங்கிவிட்டு, அங்கிருந்து கிளம்பினால் திசை மாறிவிடும். தெற்கே முனெகாடாவின் வீடு இருந்தது. அங்கே பகல் முழுக்கத் தங்கி மாலையில் வடகிழக்காகப் போவது என்று ஏற்பாடு. மதியம் முனெகாடாவின் ஆள் ஓடி வந்தான். வீட்டுத் தரைக்கு அடியில் நாய் ஒன்று செத்துக் கிடக்கிறது, வீடு தீட்டு. அங்கே காலை வைத்தவர் கல்யாண வீட்டில் காலை வைக்க முடியாது.

தொகிசானேயின் மாட்டுக்காரன் குரோமாரு. மாட்டுக்காரர்கள் எத்தனை வயதானாலும் சிறுவர்களைப் போல முடியை அவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். குரோமாருவின் தொங்கும் முடி பாதி நரைத்திருந்தது.

"எங்க அக்கா வீடு இருக்கு ஐயா" என்றான். "தெக்கே, சந்தைக்குப் பின்னால. ஆனா நாத்தம் அடிக்கும்."

"என்ன நாத்தம்?"

"ஹிஷியோ போடுறாங்க. வாங்கித் திங்கிறப்ப வாசனைம்பீங்க. போடுற வீட்டுக்குள்ள வந்து பாருங்க."

ஹிஷியோ என்பது உப்போடு சோயாவைப் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் ஊறல். வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. சந்தை வீதியில் வண்டிச் சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கியது. பாரத்தைக் குறைக்கலாம் என்று தொகிசானே நுகத்தடியில் காலை வைத்து இறங்கினார். கால் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தார். சித்தியின் நறும்புகையும், கல்யாணத்துக்கென்று சாயமேற்றிய உடையும் போயின.

குரோமாருவின் அக்கா அவரை அடுப்படிக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தாள். "யாரு பெத்த பிள்ளையோ, இப்படி நடுங்குதே."

"அக்கா, பாத்துப் பேசு. ஐந்தாம் படிநிலை."

"எந்தப் படியா இருந்தா என்ன, நனைஞ்சா நடுங்கத்தான் செய்யும். இந்தாங்க, எங்க வீட்டுக்காரரோட சட்டை. துவைச்சதுதான். ஆனா இந்த வீட்டுல துவைச்சதுக்கும் துவைக்காததுக்கும் வித்தியாசம் தெரியாது."

அந்தச் சணல் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆவி பறக்கும் சோற்றின் மேல் ஹிஷியோவை வைத்து தொகிசானே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். எஜமான் அவ்வளவு நிறைவாகச் சாப்பிட்டு அதற்கு முன்னால் தான் பார்த்ததில்லை என்று குரோமாரு பின்னாளில் சொல்வான். பொழுது சாயத் தொடங்கியதும் அவர் எழுந்தார்.

"இந்தக் கோலத்திலயா?" என்றான் குரோமாரு. "நாளைக்குப் போலாமே ஐயா. அந்தக் கதையில கூட மூணாம் நாள் அவர் போகலைங்கிறாங்களே. ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"அவனுக்குப் போக வேற வீடு இருந்துச்சு. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

வண்டியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். ஐந்தாம் படிநிலைக்காரர் மழையில் நடந்து போவதைத் தலைநகரம் அதிகம் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்த்தவர்களுக்கு அவர் ஐந்தாம் படிநிலை என்று தெரியாது. பெண்வீட்டு வாயிலில் காவல்காரன் மூக்கைச் சுளித்து, "சமையல்கட்டு அந்தப் பக்கம். பானையை எங்க விட்டுட்டு வர்றீங்க?" என்றான். அவர்கள் அந்தப் பக்கமாகப் போய், சுற்றிக்கொண்டு, கிழக்குக் கட்டின் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் முழுக்க இருட்டவில்லை. பலகைக் கதவுகள் இறக்கியிருந்தன. தொகிசானே தட்டினார்.

"யாரது?" சைஷோவின் குரல்.

"நான்தான்."

"நான்தான்னா? பேரு கிடையாதா?"

"தொகிசானே."

உள்ளே மூச்சிழுக்கும் ஓசை கேட்டது. ஒரு மனிதரை நாம் எதைக் கொண்டு அறிகிறோம் என்று ஞானிகள் எழுதியதை நான் நிறையப் படித்திருக்கிறேன். பெயரைக் கொண்டு என்கிறார்கள், செயலைக் கொண்டு என்கிறார்கள். இந்த ஊரில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தால், மூக்கைக் கொண்டு என்று சொல்லியிருப்பாள். அதில் பிழை எதுவும் இருப்பதாக அன்றுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

"ஹிஷியோ" என்றாள் சைஷோ. பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் இரக்கத்தோடு, "வரமுடியலைன்னு சொல்ல அனுப்பிச்சாரா? பரவால்லை. நாங்க தயாராத்தான் இருக்கோம். கவிதையைக் குடு."

"நானே வந்துட்டேனே. கவிதை எதுக்கு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வரமுடியவில்லை என்று ஆள் அனுப்புவது வேறு. தனக்குப் பதிலாக ஆளை அனுப்புவது வேறு. சைஷோ உள்ளே ஓடினாள். "அவர் வரலைங்க. தன் பேரைச் சொல்லச் சொல்லி மாட்டுக்காரனை அனுப்பியிருக்கார்" என்று அவள் ஆளுநரிடம் சொல்வது வெளியே கேட்டது.

ஆளுநர் பிட்டுத் தட்டை வெள்ளித்தாங்கியில் தன் கையாலேயே எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர். அவர் தாழ்வாரத்துக்கு வந்தபோது முகம் சிவக்கவில்லை, சாம்பலாக இருந்தது. இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் வீடு கட்டிய நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

"யாரு உங்களை அனுப்பினது? சொல்லுங்க. அவங்க எல்லாரும் எங்க உக்காந்து சிரிச்சிட்டு இருக்காங்க?"

"யாரும் அனுப்பலை. மழையில வண்டி மாட்டிக்கிச்சு. நான்தான் தொகிசானே."

"அப்படின்னா ஒரு கவிதை சொல்லு."

தொகிசானே நனைந்த கைமடிப்பைப் பற்றியும் மழையா கண்ணீரா என்பது பற்றியும் ஒன்று சொன்னார். ஆளுநர் கேட்டு முடித்து, "இதை நான்கூட எழுதுவேன்" என்றார்.

காவற்கொட்டிலிலிருந்து இரண்டு பேர் தடியோடு இறங்கி வந்தார்கள். குரோமாரு முன்னால் போய் நின்றான். "தொடாதீங்கடா. பெரிய இடம்."

"பெரிய இடத்துல ஏன்டா ஊறல் நாத்தம்?"

திரைக்குப் பின்னால் மகள் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்ட ஆண்கள் அவளுடைய தந்தையும், இரண்டு இரவாக இருட்டில் பேசிய மனிதரும் மட்டுமே என்று எல்லாரும் நம்பினார்கள். வாயிலில் நிற்கிற தடிக்காரர்கள் கேட்கும்படி பேசிய பெண்ணைப் பற்றி அப்புறம் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம். பேசாமலிருந்தால் அவளைப் பற்றி அழகான விஷயங்களையே சொல்வார்கள். தூணோரம் சாய்ந்திருந்தாள், முடி முன்னால் வழிந்தது என்பார்கள்.

"அப்பா, அவர்தான்."

மழைச் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது.

"கண்ணு, வாயை மூடு" என்றாள் சைஷோ. "ஆளுங்க கேக்குறாங்க."

"கேக்கட்டும். ரெண்டு நாளா நான் இந்தக் குரலோடதான் பேசிட்டிருந்தேன். வாசனையோட பேசிட்டிருந்தது நீங்க."

"நாணல் பிரபு இப்படியா வருவார்? மூணாம் நாள் அவர் வரவே மாட்டார். நல்லா யோசிச்சுப் பாரு."

"வரமாட்டார். சரி. இவர் வந்திருக்காரே, அப்ப இவர் அவர் இல்லைதானே?"

"அதைத்தான நானும் தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப இவரை உள்ள விடுங்க. அவர் வந்தா அப்புறம் பாத்துக்கலாம்."

தடிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, ஆளுநரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவருக்கு முன்னால் சணல் சட்டை போட்ட ஒருவன் சொட்டச் சொட்ட நின்றான். தன் மகளின் கணக்கு இதுவரை எதில் தப்பியிருக்கிறது என்று அவர் யோசித்திருக்கலாம். கரி, எண்ணெய், பட்டு எதிலும் தப்பியதில்லை. கடைசியில் அவரே பலகைக் கதவின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். "தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க" என்றார்.

குளிக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், பஞ்சாங்கப்படி அன்று குளிக்கக்கூடாத நாள். சைஷோ நறும்புகையை நாலு மடங்கு போட்டாள். பிளம் பூவும் ஹிஷியோவும் கலந்ததில் இரண்டு பணிப்பெண்களுக்குத் தலை சுற்றி, வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அரிசிப் பிட்டை மாப்பிள்ளை பல்லால் கடிக்காமல் விழுங்க வேண்டும். இரண்டு கிண்ணம் சோறு தின்ற வயிற்றோடு அவர் அதைச் செய்து முடித்தார். எந்த நடனத்திலும் நான் அவரைப் பாராட்டியதில்லை, இதைப் பாராட்டலாம். ஆளுநர் வழக்கப்படி மணமக்கள்மேல் போர்வையைப் போர்த்திவிட்டு, போனவர் திரும்பி வந்து, இன்னொரு போர்வையையும் போர்த்தினார்.

முகம் காட்டும் நாளில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். வட்ட முகத்தையும் சிறிய கண்களையும் பார்த்துவிட்டுத் தங்கள் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார்கள். சைஷோ மட்டும், "பகல் வெளிச்சத்துல யாரு நல்லா இருக்காங்க" என்றாள். வாயிற்காவலர்கள் மகளின் குரலைக் கேட்ட கதை கோடைக்குள் ஊர் முழுக்கப் போயிற்று. அரசியாரின் மாளிகைக்கு அவளைப் பணிப்பெண்ணாக அழைக்கும் பேச்சு ஒன்று இருந்தது. அது அப்படியே நின்றுபோனது. அதற்கு அவள் வருத்தப்பட்டதாகவோ படாததாகவோ எனக்குத் தெரியாது.

கதை மேலும் பல கட்டுகள் போயிற்று. நாணல் பிரபு இன்னும் மூன்று பேரை அழவைத்து, மலைக்கோயிலில் துறவியானான். தொகிசானே இனாபா மாகாணத்துக்குத் துணை ஆளுநராகப் போனார், மனைவியோடு. அங்கே உடல் பெருத்துத் திரும்பினார். அவருக்கு வேறு வீடு இருந்ததில்லை. தலைநகரில் அதை நல்லொழுக்கம் என்று யாரும் சொல்லவில்லை, சோம்பல் என்றார்கள். இரண்டும் அவரிடம் இருந்தன, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

கதையைப் புதிதாகப் படித்த இளம்பெண்கள் நெடுங்காலம் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நாணல் பிரபுவோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று தொகிசானேயின் மனைவியிடம் கேட்பார்கள். பக்கத்து அறையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்பாள் அவள். "அவர் அன்னைக்கு வரவே இல்லையே."